பழைய லோடு பிக்அப்பை ஓட்டமான வண்டியாக்க எங்கிருந்து ஆரம்பிக்கணும்? (2009 மாடல், மன்னார்குடி)

பாமணியாறு:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2009 பொலிரோ பிக்அப், 2523 சிசி டிஐ டர்போ. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் முறை) இல்லை, இன்டர்கூலரும் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) இல்லை. ஐந்து கியர், டயர் 215/75 ஆர்15. இத்தனை வருஷமும் நெல், உரம், வாழைத்தார் என்று லோடிலேயே ஓடிய வண்டி. லோடுக்கு வேற வண்டி வந்துவிட்டது, இனி இது பெரும்பாலும் காலியாகத்தான் ஓடும்.

இப்போதைய நிலை: 90 தாண்டினால் என்ஜின் கதறுகிறது, 105-க்கு மேல் ஏறவே இல்லை. காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அழுத்தி பிரேக் பிடித்தால் பின் சக்கரம் இழுக்கிறது.

பட்டறையில் சொல்வது: "ஸ்கார்பியோ 2.2 என்ஜின், வயரிங், இசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் கழட்டின வண்டியில கிடைக்கும், இறக்கிடலாம். பின்னாடி நாலு பிளேட்டைக் கழட்டி ரெண்டு அங்குலம் இறக்கிடலாம்." கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரவுன்_பினியன்:
என்ஜினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு. காலி பிக்அப்பை 100-ல் ஓட்ட என்ஜினிலிருந்து ஏறக்குறைய 35 ஹெச்பி வேணும். 120-க்கு 55 சொச்சம், 140-க்கு 85. காற்று எதிர்ப்புக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுவதால்தான் கடைசி 20 கிலோமீட்டருக்கு இவ்வளவு விலை. உங்க என்ஜின் 63 ஹெச்பி. அதாவது 120 வரை தள்ளும் தெம்பு அதுக்கு இப்பவே இருக்கு. 105-ல் நிற்கிறது என்றால் தெம்பு தீர்ந்து நிற்கவில்லை, சுற்று தீர்ந்து நிற்கிறது. பம்பில் இருக்கும் கவர்னர் அதுக்கு மேல் டீசல் விடாது.

ஆகவே முதலில் ரெண்டு எண்ணைக் கண்டுபிடிங்க. காசு செலவே இல்லை.

ஒன்று, கிரவுன் விகிதம் (பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதம்). சமதரையில் முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டு, நியூட்ரலில் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைங்க. ஹேண்ட் பிரேக் எடுத்திருக்கணும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கின சக்கரத்தைக் கையால் சரியாக ரெண்டு சுற்று சுற்றுங்க, ஒருத்தர் கீழே ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதிதான் கடத்தும், அதனால்தான் ரெண்டு சுற்று. ஷாஃப்ட் எத்தனை சுற்றோ அதுதான் விகிதம். நாலே கால், நாலரை, ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, இந்த மாதிரி வரும். கால் சுற்றையும் விடாமல் குறிச்சுக்கோங்க.

ரெண்டு, 5-வது கியர். அதே நிலையில் 5-ல் போட்டு, கிராங்க் புல்லி நட்டை ஸ்பேனரால் என்ஜின் ஓடும் திசையிலேயே 20 சுற்று சுற்றுங்க (சாவி கையில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம்). ஷாஃப்ட் 20 சுற்று சுற்றினால் நேர் கியர். அதுக்கு மேல் சுற்றினால் ஓவர்டிரைவ். 20-ஐ அந்த எண்ணால் வகுத்தால் கியர் விகிதம்.

வேகம் = ஆர்பிஎம் × 2.21 × 0.06 ÷ (கிரவுன் × கியர்). 2.21 என்பது உங்க டயர் ஒரு சுற்றில் போகும் மீட்டர். டயர் தேய்ந்திருந்தால் சின்னதாகக் குறையும்.

எண் ரெண்டையும் இங்கே போடுங்க, மிச்சத்தைப் பேசலாம். அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

மஞ்சள்_போர்டு:
சட்டம் சம்பந்தமா மட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜின் போடுவது வேறு, அதுக்கு முன் அனுமதி வாங்கும் வழி உண்டு. டிஐ என்ஜினை எடுத்துவிட்டு 2.2 காமன் ரெயில் போடுவது அந்தக் கணக்கில் வராது. 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது என்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்ப்பார்கள். எட்டு வருஷம் தாண்டின டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு அது வருஷா வருஷம்.

இன்னொன்று. சரக்கு வண்டிக்கு நாலுவழிச் சாலையிலேயே உச்ச வேகம் 80. மத்த ரோட்டிலும் ஊருக்குள்ளும் 60. இது 2018 அறிவிப்பு சொன்ன அளவு. தஞ்சாவூர்–திருச்சி ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் மஞ்சள் போர்டுக்கு 80தான். 120 ஓட்டணும் என்றால் இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் மாதிரி மூடிய டிராக்கில் இடம் கேட்டுப் போகணும்.

டெல்டா_ரைடர்:
எல்லாரும் பயமுறுத்தாதீங்கப்பா. நம்ம பக்கம் எத்தனை வண்டி என்ஜின் மாத்தி ஓடுது, யார் பாக்கறா? 2.2 போட்டா 120 ஹெச்பி. ஒரே வேலைல முடிஞ்சிடும்.

பம்ப்_செட்டிங்:
ரைடர் தம்பி, யாரும் பார்க்காத வரைக்கும் சரிதான். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதே என்ஜின் எண்ணைத்தான். அதை விடுங்க, வேலையாகவே பார்த்தாலும் "ஒரே வேலை" கிடையாது. 2.2-க்கு இசிஎம், சாவியின் இம்மொபிலைசர், ஆக்சிலரேட்டர் பெடல், டேங்குக்குத் திரும்பும் டீசல் லைன், பெரிய ரேடியேட்டர், இன்டர்கூலர், கிளட்ச், என்ஜின் மவுண்ட், எல்லாமே மாறணும். முறுக்கு 180 நியூட்டன் மீட்டரிலிருந்து 290-க்குப் போகும். பழைய கியர்பாக்ஸும் ஷாஃப்ட் முனையில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸும் அதுக்குச் செய்தவை இல்லை. ஒன்றரை லட்சம் வயரிங் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

பாமணியாறு சார், இருக்கிற என்ஜினிலேயே எடுக்க வேண்டியது நிறைய இருக்கு. இந்த வரிசையை மாற்றாதீங்க.

முதலில் என்ஜின் ஆரோக்கியம். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைக் கழட்டி, தலைகீழாகத் துளை மேல் சும்மா வைங்க. லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங் தேய்ந்து காற்று கீழே இறங்குது, அங்கேயே நிறுத்திக்கணும். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கணும். தேய்ந்த என்ஜினில் கூட்டின டீசல் எல்லாம் புகையாகவும் சூடாகவும்தான் போகும்.

அடுத்தது டர்போ. காற்று வரும் ஹோஸைக் கழட்டி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இருக்கும், அது சரி. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசின தடம் இருந்தாலோ முதலில் டர்போ வேலை. ஆயில் விடும் டர்போவோடு இன்டர்கூலர் போடுவது ஆபத்து. ஆயில் இன்டர்கூலரின் அடியில் சேரும், ஒரு நாள் முழு ஆக்சிலரேட்டரில் மொத்தமாக என்ஜினுக்குள் போகும். அப்போ சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது, அந்த ஆயிலையே எரித்துச் சீறிக்கிட்டே போகும். அப்படி நடந்தால் 5-வது கியரில் போட்டு, பிரேக்கை முழுசா மிதித்து, கிளட்சைப் படக்கென்று விட்டுத்தான் அணைக்கணும். பானெட்டைத் திறந்து கையால் காற்றுக் குழாயை அடைக்கப் போகாதீங்க, கை போயிடும்.

இது ரெண்டும் சரி என்றால் இன்டர்கூலர். நம்ம ஊர் 36 டிகிரி வெயிலில் 0.8 பார் பூஸ்ட் (காற்றழுத்தம்) கொடுக்கும் டர்போவிலிருந்து காற்று 120 டிகிரி அளவில் வெளியே வருது. அதை 60-க்கு இறக்கினாலே அதே அழுத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கூடுதல் காற்று உள்ளே போகும். டீசலை ஒரு சொட்டும் கூட்டாமலே புகை குறையும், சூடு குறையும், இழுவை கொஞ்சம் கூடும். ரேடியேட்டருக்கு முன்னால் காற்று நேராகப் படும் இடத்தில் வைங்க. குழாய் 2 அங்குலம் போதும், வளைவு குறைவாக இருக்கணும். ஹோஸ் மாட்டும் குழாய் முனையில் ஒரு மேடு உருட்டச் சொல்லுங்க, இல்லையென்றால் பூஸ்டில் ஹோஸ் கழன்று வந்துவிடும்.

டீசலைத் தொடுவது எல்லாத்துக்கும் கடைசி, அதுவும் சூடு காட்டும் மீட்டர் போட்ட பிறகு. கே-டைப் தெர்மோகப்பிளை டர்போவுக்கு முன்னால், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு மாட்டணும். மேனிஃபோல்டைக் கழட்டித்தான் துளை போடணும். வண்டியிலேயே போட்டால் இரும்புத்தூள் நேரா டர்போ இறக்கைக்குப் போகும். தொடர்ந்து ஓடும்போது 700 டிகிரி எல்லை. அதைத் தாண்டி நெடுநேரம் போனால் பிஸ்டன் தலை உருகும், மேனிஃபோல்ட் வெடிக்கும்.

பம்ப் ரோட்டரி வகை என்றால் பின்பக்கம் இருக்கும் முழு-டீசல் ஸ்க்ரூவை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும். அதைத் திருகினால் ஐடிலும் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது ஓடும் சுற்று) சேர்ந்து ஏறும், ஐடில் ஸ்க்ரூவில் இறக்கிக்கணும். இன்லைன் பம்ப் என்றால் வண்டியில் வைத்து எதையும் திருக வேண்டாம். கழட்டி டெஸ்ட் பெஞ்சில் போட்டு நாலு நாசிலுக்கும் சம அளவு வருதா பார்த்துத்தான் செட் பண்ணணும். கறுப்புப் புகை வந்தால் வேகம் என்று நினைப்பவர்கள் இருக்காங்க. அது எரியாத டீசல், காசு வானத்துக்குப் போகுது. புகை சோதனையில் பிஎஸ்-4-க்கு முந்தின வண்டிக்கு 65 ஹெச்எஸ்யூ (புகை அடர்த்தி அளவு) எல்லை, அதுக்குள் நிற்கும்படி வைங்க.

பூஸ்டைக் கூட்டச் சொல்வார்கள். பழைய ஹெட் கேஸ்கட்டோடு 0.9 பாருக்கு மேல் வேண்டாம்.

ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்க. கடலோரப் பக்கத்துத் தண்ணியின் உப்பு டியூபில் படிஞ்சு பாதியை அடைத்திருக்கும். கழட்டி ராடு விட்டுச் சுத்தம் பண்ணி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

நாலு_டிரம்:
மத்தவங்க ஓட்டத்தைப் பேசிட்டாங்க, நான் நிறுத்தத்தைப் பேசறேன். 80-லிருந்து நிறுத்துவதை விட 100-லிருந்து நிறுத்த பிரேக் 56 சதவீதம் அதிக சூட்டை விழுங்கணும். பாமணியாறு தம்பி சொன்ன "பின் சக்கரம் இழுக்குது" என்ற ஒரு வரிதான் இந்த இழையில் முக்கியமான வரி.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்க. பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங்கோ கம்பியோ ஒரு வால்வை இழுத்துப் பிடிச்சிருக்கா? லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு ஆயிலைக் கூட்டும், காலி என்றால் குறைக்கும். அது துருப்பிடித்து லோடு நிலையிலேயே இறுகிப்போனால் காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கும். இப்போ யோசிங்க: பிளேட்டைக் கழட்டி ரெண்டு அங்குலம் இறக்கினால் வால்வு என்ன நினைக்கும்? "முப்பது மூட்டை ஏறிடுச்சு" என்று நினைச்சு பின்னால் முழு பிரேக்கையும் கொடுக்கும். மழைத் தூறலில் ஒரு மிதி மிதித்தால் வண்டி எதிர்த் திசையைப் பார்த்து நிற்கும். இறக்கினால் அந்தக் கம்பியின் நீளத்தையும் அதே அளவுக்குத் திருத்தணும். பட்டறையில் யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, கேட்டு வாங்கணும்.

பிரேக் வேலை: முன்னால் டிஸ்க் தடிமனை, அதன் மேலேயே அடித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்க. காலிப்பர் பின்கள் கையால் சறுக்கணும். பின் டிரம்மை லேத்தில் விட்டு வட்டம் பார்த்து, வீல் சிலிண்டர் ரெண்டும் புதுசு. ரப்பர் ஹோஸ் எல்லாமே புதுசு, 2009 ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். ஆயில் டாட் 4. புதுசில் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 155 தான். நம்ம பக்க ஈரக்காற்றுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும்.

ஸ்பிரிங்: நாலு பிளேட் எடுப்பது வெட்டி வேலை. அடியில் இருக்கும் தடிச்ச ஹெல்பர் பிளேட்டை (லோடு தாங்கப் போட்டது) மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்க. மேலே இருந்து ரெண்டாவது பிளேட்டைத் தொடவே கூடாது. மெயின் பிளேட் கண்ணில் ஒடிஞ்சால் ஆக்சிலைப் பிடிச்சு வைப்பது அதுதான். பிளேட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவதும் வேண்டாம், முறுக்கு கூடும்போது பிளேட் எஸ் மாதிரி வளைந்து பினியன் மூக்கு மேலே தூக்கும், கிராஸ் தெறிக்கும். யூ-போல்ட் பழசை மறுபடி போடாதீங்க. புதுசு போட்டு 100 கி.மீ. ஓடினதும் மறுபடி இறுக்கணும். ஷாக் நாலும் புதுசு. ஒன்று நினைவிருக்கட்டும்: ஹெல்பர் எடுத்த வண்டியில் அறுவடை நேரத்து அவசரத்துக்குக்கூட லோடு ஏற்றக் கூடாது.

ரெண்டு அங்குலம் இறக்கினால் இங்கே இன்னொரு தொல்லை. வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகுப் பாலம் திமில் மாதிரி இருக்கு. ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே 60 மி.மீ.யாவது மிஞ்சணும்.

டயர்: பக்கவாட்டில் கடைசி எழுத்து வேகம். எல் 120, எம் 130, என் 140, க்யூ 160. நாலு இலக்கத் தேதி 2318 என்றால் 2018-ல் 23-வது வாரம். லோடு காற்று 60 பிஎஸ்ஐ-யிலேயே காலி வண்டியை ஓட்டுவதால்தான் பாதி துள்ளல், பின்னால் 35-க்கு இறக்கிப் பாருங்க. ஆனாலும் எந்த டயரும் காயப்போட்ட நெல் மேல் பிடிக்காது, மணி உருண்டு பேரிங் மாதிரி ஆயிடும். டிராக்டர் கேஜ்வீல் கொட்டிப்போன சேறும் அப்படித்தான். குறுவை அறுவடைக் காலத்தில் இந்த ரோடுகளில் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேதாரண்யம்_உப்பு:
ஒரே ஒரு சேர்க்கை. இது எல்லாத்துக்கும் முன்னால் சேஸைத் தட்டிப் பாருங்க. உரம் ஏற்றின வண்டி என்று எழுதியிருக்கீங்க. யூரியா, பொட்டாஷ் சிந்தினது லோடு பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ஈரம் இழுத்துக்கிட்டே இருக்கும். பின் ஸ்பிரிங் ஷேக்கிள் பிராக்கெட் (ஸ்பிரிங் முனையைச் சேஸோடு சேர்க்கும் இடம்), பாடி கிளாம்ப் இருக்கும் இடம், பிரேக் பைப் சேஸை ஒட்டிப் போகும் இடம், மூன்றையும் சின்ன சுத்தியலால் தட்டுங்க. "டங்" என்றால் இரும்பு, "பொத்" என்றால் துரு. பொத் என்று வந்தால் உங்க பட்ஜெட் அங்கேதான் போகணும். மேலே தகடு வைத்து ஒட்டி மூடிடாதீங்க, உள்ளே அரிப்பு ஓடிக்கிட்டே இருக்கும்.

பாமணியாறு:
எல்லாருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். சக்கரம் ரெண்டு சுற்றுக்கு ஷாஃப்ட் நாலே முக்காலுக்கும் ஐந்துக்கும் நடுவே வந்தது. 5-ல் கிராங்க் 20 சுற்றுக்கு ஷாஃப்ட் 24. அடியில் அந்த வால்வு இருக்கிறது, கம்பி கையால் அசையவே இல்லை. ஆயில் மூடி நடுங்குகிறது, துள்ளவில்லை. சேஸில் இடது ஷேக்கிள் பக்கம் மட்டும் பொத் சத்தம். கிரவுனை 4.3-க்கு மாற்றலாமா?

கிரவுன்_பினியன்:
அப்போ 4.88, 5-வது கியர் 0.83. 3,200 ஆர்பிஎம்மில் 104 கி.மீ. நீங்க சொன்ன 105 அப்படியே பொருந்துது. என்ஜின் சோர்வில்லை, கவர்னர் வேலை செய்யுது.

4.3 போட்டால் அதே சுற்றில் 118 வரும். ஆனால் மஞ்சள்_போர்டு சொன்ன 80-ஐ வைத்துப் பாருங்க. இப்போதே 80-ல் 2,450 ஆர்பிஎம்தான். 4.3-ல் 2,160 ஆகும். டீசல் கொஞ்சம் மிஞ்சும், சத்தம் குறையும், ஆனால் டிராக்டரைத் தாண்டும்போது 40-லிருந்து 80-க்குப் போகும் இழுவை ஒவ்வொரு கியரிலும் 12 சதவீதம் குறையும். உங்களுக்கு "ஓட்டமான வண்டி" என்றால் இந்த 40–80 தானே? அதுக்கு 4.88-ஐ விட்டுவைப்பதுதான் லாபம்.

பின்னால் எப்போதாவது மாற்றினால்: கிரவுனும் பினியனும் ஒரே எண் பொறித்த ஜோடியாகத்தான் வாங்கணும். பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) 0.15–0.20 மி.மீ., டயல் கேஜ் இல்லாத பட்டறையில் கொடுக்காதீங்க. ஆயில் இபி 90, ஜிஎல்-5. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வந்தால் அதன் பல்சக்கரத்தையும் மாத்தணும். இல்லையென்றால் மீட்டர் 80 காட்டும், வண்டி 90-ல் போய்க்கிட்டிருக்கும்.

இப்போ செய்ய வேண்டியது: இடது ஷேக்கிள் பிராக்கெட்டை வெட்டி எடுத்து அதே தடிமன் தகட்டில் புதுசு. அப்படியே அந்த வால்வும் புதுசு. பழசை எண்ணெய் விட்டு அசைக்க முயற்சி பண்ண வேண்டாம், உள்ளே ரப்பர் போயிருக்கும். வால்வு மாட்டினதும் பின் சக்கரத்திலிருந்து ஆரம்பிச்சு பிரேக் பைப்பில் இருக்கும் காற்றை எடுங்க. ஹெல்பரைக் கழட்டுவது அதுக்கு அப்புறம்தான், கம்பி நீளத்தை அப்போது மறுபடி சரிபார்க்கணும்.

பம்ப்_செட்டிங்:
மூடி துள்ளவில்லை என்றால் நல்ல சேதி. பிரேக் வேலை முடிந்ததும் பம்பில் ஒட்டியிருக்கும் பிளேட்டையும் பம்பின் வடிவத்தையும் படம் எடுத்துப் போடுங்க. ரோட்டரியா இன்லைனா என்று தெரிந்த பிறகு மேலே போகலாம்.

நாலு_டிரம்:
வால்வு வாங்கப் போகும்போது பழசைக் கையோடு எடுத்துட்டுப் போங்க தம்பி. பைப் முனையின் மரை பார்க்காமல் வாங்கினால் ரெண்டு தடவை கடைக்கு அலையணும்.